ஓட்டல் வாசலில் கொடி காட்டும் பெரியவர்கள்: அங்கே சாப்பிடுவதா, வேண்டாமா?

வழிப்போக்கன் | ஞாயிறு, இரவு 9.40

போன வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு காரில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போனோம். வேப்பூர் தாண்டி தொழுதூர் வருவதற்கு முன்னால் மணி ஒன்றேகால். இடது பக்கம் ஒரு ஓட்டல். அதன் வாசலில், வாசல் என்றுகூடச் சொல்ல முடியாது, ரோட்டு வெள்ளைக் கோட்டுக்கு ஓரடி தள்ளி ஒரு பெரியவர். எழுபது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, தோளில் பட்டை, தொப்பி, வாயில் விசில், கையில் பச்சைக் கொடி. ஒவ்வொரு வண்டிக்கும் இடுப்பை வளைத்துக் கொடியை உள்பக்கமாக வீசுகிறார். வண்டி நிற்காமல் போனால் அடுத்த வண்டிக்கு வளைகிறார்.

"வயதானவர்களை வெயிலில் நிறுத்தும் ஓட்டல்களில் சாப்பிடாதீர்கள், அப்போதுதான் முதலாளிகள் திருந்துவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுமே, உங்களுக்கும் வந்திருக்கும். மூன்று வருடமாக நான் அதைக் கடைப்பிடிக்கிறேன். கொடி தெரிந்தால் வண்டியைத் திருப்புவதில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் தாண்டினேன். பின் சீட்டிலிருந்து என் மகள் கேட்டாள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள்: "யாருமே உள்ள போகலைன்னா அந்தத் தாத்தாவைத்தானேப்பா திட்டுவாங்க?"

பாடாலூர் வரைக்கும் யோசித்தேன். பதில் வரவில்லை. மூன்று வருடமாக நான் யாருக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?


உப்புமாவிரோதி | ஞாயிறு, இரவு 9.58

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நல்ல கடைக்கு வாசலில் ஆள் வேண்டாம், வாசனை போதும். விசில் சத்தம் கூடக்கூட சாம்பாரில் தண்ணீர் கூடும் என்பது என் இருபது வருட ஆராய்ச்சி. மனிதாபிமானத்துக்காக இல்லாவிட்டாலும் வயிற்றுக்காகவாவது தாண்டிப் போங்கள்.


நாலுசக்கரம் | ஞாயிறு, இரவு 10.31

நான் பதினான்கு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். உள்விஷயம் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தக் கொடி எங்களுக்காக இல்லை. மஞ்சள் போர்டு வண்டி எங்கே நிற்கும் என்பது ஓட்டலுக்கும் எங்களுக்கும் முன்பே தெரியும். டிரைவருக்குச் சாப்பாடு இலவசம், சில இடத்தில் கையில் கொஞ்சம் காசு, சில இடத்தில் பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில். பஸ்ஸுக்கும் இதே கதைதான். பயணி சாப்பிடுவது ஒரு சாம்பார், டிரைவர் கண்டக்டர் சாப்பிடுவது தனி அறையில் வேறு சாம்பார். இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

கொடி, விசில் எல்லாம் சொந்த வண்டிக்காரர்களுக்கு. குடும்பத்தோடு வருகிறவருக்கு வழி தெரியாது. "அடுத்த கடையில பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஐந்து கடையைத் தாண்டுவார். அந்த யோசனையை உடைக்கத்தான் ஆள்.

உப்புமாவிரோதி அண்ணே, உங்கள் ஆராய்ச்சியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொடி காட்டுகிற கடையில் நான் நல்ல பரோட்டாவும் சாப்பிட்டிருக்கிறேன், பேர்பெற்ற கடையில் ஊசிப்போன சட்னியும் சாப்பிட்டிருக்கிறேன்.


பழையகல்லா | திங்கள், காலை 6.50

எங்கள் அப்பா திண்டிவனம் பக்கம் ஓட்டல் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு ஒன்பது வருடம் நான் கல்லாவில் உட்கார்ந்தேன். இப்போது கடை இல்லை. அதனால் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா காலத்தில் வாசலில் யாரும் நின்றதில்லை. தேவை இல்லை. ஜிஎஸ்டி ரோடு அப்போது ஊருக்குள்ளேயே போகும். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், சந்தை என்று எல்லா வண்டியும் ஊருக்குள் ஊர்ந்துதான் ஆக வேண்டும். போர்டைப் படிக்க, உள்ளே கூட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க, கல்லாவில் யார் என்று கவனிக்க நேரம் இருந்தது. பிறகு நாலு வழிச்சாலை வந்தது, பைபாஸ் வந்தது. வண்டி ஊரைத் தொடாமலே போக ஆரம்பித்தது. எங்கள் கடையில் மதியப் பந்தி மூன்றிலிருந்து ஒன்றானது. கடையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் பைபாஸுக்குப் போனோம்.

அங்கே போனதும்தான் கணக்கே வேறு என்று தெரிந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். எங்கள் போர்டு கண்ணில் பட்டு, பெண்டாட்டியிடம் கேட்டு, பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று திரும்பிப் பார்த்து, கண்ணாடியில் பின்னால் லாரி வருகிறதா என்று கவனித்து இண்டிகேட்டர் போடுவதற்குள் கடை தாண்டிவிடும். தாண்டினால் போனதுதான். யார் யு-டர்ன் எடுத்து இட்லி சாப்பிட வருவார்? நிற்கிற போர்டைவிட அசைகிற கை முன்னால் தெரியும். அதோடு, எந்த இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பதையும் அந்தக் கை காட்டும். முதல் மாதம் பரீட்சைக்கு ஒருவரை நிறுத்தினேன். கல்லாவில் வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரிந்தது. பிறகு எடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று. பழைய ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம் இருந்தது. அகலப்படுத்தியபோது எல்லாம் போய்விட்டது. இந்த வேலை பிறந்ததே நிழலை வெட்டிய பிறகுதான்.


செங்காந்தள் | திங்கள், காலை 8.15

@பழையகல்லா, கணக்கு சரி. ஆனால் என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஏன் எப்போதும் வயதானவர்? கை அசைக்க இருபத்தைந்து வயதுப் பையனால் முடியாதா? அவரைப் பார்த்ததும் நமக்கு மனசு கேட்காது, பாவம் என்று வண்டியைத் திருப்புவோம் என்பதும் உங்கள் கணக்கில் இருந்ததா? நேராகச் சொல்லுங்கள்.


பழையகல்லா | திங்கள், காலை 8.47

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன் அம்மா. ஆள் எடுக்கும்போது அப்படி நினைக்கவில்லை. இளம் பையன்கள் வருவார்கள், நான்கு நாள் நிற்பார்கள், ஐந்தாம் நாள் போனைப் பார்த்துக்கொண்டு நிழலில் நிற்பார்கள். சப்ளையர் வேலைக்கு வடமாநிலத்துப் பையன்கள் கிடைத்தார்கள், ஆனால் ரோட்டில் நிற்க அவர்களும் சம்மதிக்கவில்லை. பெரியவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், சம்பளம் கம்மி, எதிர்த்துப் பேச மாட்டார்கள். காரணம் இவ்வளவுதான்.

ஆனால் இரக்கப்பட்டுச் சிலர் உள்ளே வருவதைப் பின்னால் கவனித்தேன். கவனித்த பிறகும் ஆளை மாற்றவில்லை. அதற்கு என்ன பேர் வைப்பீர்களோ வையுங்கள்.

நடுவில் ஒரு மோட்டார் பொம்மையும் வாங்கி வைத்தேன். போலீஸ் மாதிரி உடுப்பு, ஒரு கை மட்டும் மேலும் கீழும் ஆடும். பிள்ளைகள் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு ரோட்டில் ஏறுகிற காருக்குப் பின்னால் வருகிற லாரியை நிறுத்திக் கொடுக்கப் பொம்மையால் முடியாதே. பெரியவர் அதையும் செய்துகொண்டிருந்தார் என்பது அவரை வேலையிலிருந்து அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன்.


உப்புமாவிரோதி | திங்கள், காலை 9.05

பொம்மைக்குச் சாம்பார் ஊற்ற வேண்டாம் என்ற ஒரு லாபத்தை விட்டுவிட்டீர்களே.


மானாவாரி | திங்கள், மதியம் 2.20

இந்த இடத்தை ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன். இதுதான் என் முதல் பதிவு. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா நான்கு வருடம் இந்த வேலை செய்தார். பெரம்பலூர் பக்கம். எந்த ஓட்டல் என்று சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. பருத்தி, பிறகு மக்காச்சோளம். அக்கா கல்யாணத்துக்கு அதில் ஒன்றரை ஏக்கர் போனது. அப்பாவுக்கு அப்போது அறுபத்திரண்டு. பஸ்ஸில் ஒட்டியிருந்த "செக்யூரிட்டி தேவை" நோட்டீஸைப் பார்த்துத்தான் போனார். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காருகிற வேலை என்று நினைத்தார். போய்ச் சேர்ந்த பிறகுதான் கொடியைக் கொடுத்தார்கள். உடுப்புக்கு 800 ரூபாயை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். சம்பளம் 9,000. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை.

நீங்கள் எல்லாரும் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். வெயில் அப்பாவுக்குப் புதிது இல்லை. காட்டில் வேலை செய்தவர். அவர் வீட்டில் வந்து ஒருநாளும் வெயிலைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அவருக்குக் கஷ்டம் ஒன்றுக்குப் போவதுதான். வாடிக்கையாளர்களுக்கு டைல்ஸ் போட்ட கழிப்பறை இருந்தது, வேலை ஆட்கள் அதற்குள் போகக் கூடாது. லாரி நிற்கிற இடத்துக்குப் பின்னால் போக வேண்டும். போய்விட்டு வருவதற்குள் "எங்கய்யா ஆளைக் காணோம்" என்று குரல் வரும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மூன்றாம் வருடம் சிறுநீரகத்தில் கல். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் "தண்ணி குடிக்கிறதே இல்லையா பெரியவரே" என்று கேட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பாடு நன்றாகவே போட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். மதியப் பந்தி முடிந்து நாலு மணிக்கு மேல், சமையல்கட்டுக்குப் பின்னால். மாஸ்டர் நல்ல மனுஷன். எனக்கென்று வடை கட்டிக் கொடுத்துவிடுவார்.

அப்பா சட்டையின் இடது பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு போவார். ஒரு வண்டி உள்ளே திரும்பினால் ஒரு கொட்டை வலது பைக்கு மாறும். இரவு சாப்பிடும்போது எண்ணிச் சொல்வார். "இன்னைக்கு நாப்பத்தொண்ணு." தீபாவளிக்கு முந்தின நாள் நூற்றிப்பதினெட்டு, எங்கள் வீட்டில் அது இன்னும் பேச்சு. எண்ணிக்கைக்குத் தனிக் காசு ஒன்றும் கிடையாது. யாரும் எண்ணச் சொல்லவும் இல்லை.

ஓடுகிற வண்டியிலிருந்து பத்து ரூபாயை நீட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. வாங்கிக்கொள்வார், ஆனால் பிடிக்காது. இறங்கி வந்து "இங்க என்னய்யா நல்லாருக்கும்?" என்று கேட்கிறவர்களைப் பிடிக்கும். "மீல்ஸ் வேணாம் சார், பரோட்டா சாப்பிடுங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். ஓட்டல்காரர் காதில் விழுந்திருந்தால் அன்றே அனுப்பியிருப்பார்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி. எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு ஓட்டலில் அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர்களை வேலையிலிருந்து அனுப்பினார்கள். உள்ளே வேறு வேலை கொடுக்கவில்லை. எல்இடி போர்டு வைத்தார்கள். அதில் ஒருவர் அப்பாவின் சேக்காளி. வேலை போன பிறகு அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "என்னை நெனச்சு யாரோ நல்லது பண்ணிருக்காங்கப்பா" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

@வழிப்போக்கன் அண்ணா, உங்கள் மகள் கேட்டது சரிதான். திட்டுவார்கள். கல்லாவில் இருக்கிறவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.


செங்காந்தள் | திங்கள், மதியம் 2.41

படித்துவிட்டு வேலை ஓடவில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?


மானாவாரி | திங்கள், மதியம் 3.02

நன்றாக இருக்கிறார் அக்கா. ஒரு நாள் ஒரு வேன் ஓரமாக வந்து கொடிக் குச்சியை முறித்துக்கொண்டு போனது. கையில் கீறல்தான். "பாத்து நில்லுய்யா" என்று புதுக் குச்சி கொடுத்தார்கள். அன்றைக்கே நான் போய்க் கூட்டி வந்துவிட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூட கேட்டில் இருக்கிறார். நாற்காலி உண்டு.


பிரிவு420 | திங்கள், மாலை 6.30

தொழிலாளர் வழக்குகளில் இருப்பவன் என்பதால் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

உட்காரும் உரிமை நம் மாநிலத்தில் சட்டமாகவே இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன். ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம், நாள் முழுக்க நின்றே இருக்கும்படி வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் நின்ற பெண்கள் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. இங்கே தி.நகர்க் கடைகளை மனதில் வைத்துத்தான் எல்லோரும் அந்தத் திருத்தத்தைப் பேசினோம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பவரை நினைத்த ஞாபகம் எனக்கே இல்லை.

இரண்டு சிக்கல். ஓட்டல்களுக்கென்று தனியாக 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது, "எங்களுக்கு அந்த 22-ஏ பொருந்தாது" என்று ஒரு முதலாளி வக்கீல் வைத்து வாதாடலாம். அடுத்தது, பெரியவர் பெரும்பாலும் ஓட்டலின் ஆளாகவே இருக்க மாட்டார், செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆளாக இருப்பார். "அவங்களக் கேளுங்க" என்று இவர், "இடம் அவங்களோடது" என்று அவர். பந்து ரோட்டைத் தாண்டித் தாண்டி உருளும்.

வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். இறந்தால்.


நாலுசக்கரம் | திங்கள், மாலை 6.52

அதே 2024 கோடையில் சென்னையில் சிக்னலுக்கு சிக்னல் பச்சை வலைப் பந்தல் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நிமிடம் நிற்கிற பைக்காரருக்கு நிழல். நல்ல விஷயம்தான், நானே பாராட்டினேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு ஒரு சாக்குப் படுதாவாவது கட்டலாம்.


தேக்காவாசி | திங்கள், இரவு 8.10

சிங்கப்பூரிலிருந்து. இங்கே வாசலில் நின்று ஆள் பிடிப்பது வேறு மாதிரிப் பிரச்சினை. நிற்பவர் பாவம் இல்லை, மாட்டுகிறவர்தான் பாவம்.

நியூட்டன் உணவங்காடி நிலையத்துக்கு முதல்முறை போனால் மேசையில் உட்காருவதற்கு முன்பே நாலு பேர் மெனு அட்டையோடு சூழ்ந்துகொள்வார்கள் என்று பேர். 2009-ல் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் சிலருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 491 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பில் போட்டார்கள். அதில் எட்டுப் புலி இறாலுக்கு மட்டும் 239 வெள்ளி. பத்திரிகைகளில் நாறிப்போய், அந்தக் கடையை மூன்று மாதம் மூடி வைத்தார்கள். ஆள் பிடிப்பது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் சாதாரண உடையில் வந்து பிடிப்பார்கள். லண்டன் பிரிக் லேனில் வங்காளதேசத்துக்காரர்களின் கறிக் கடை வாசல்களிலும் இதே தொல்லைதான். அந்த வட்டாரக் கவுன்சிலும் வழக்குப் போட்டு அபராதம் வசூலித்தது.

இதைச் சொல்லக் காரணம், அங்கெல்லாம் சட்டம் வந்தது சாப்பிடுகிறவரைக் காப்பாற்ற. நிற்கிறவரைக் காப்பாற்ற இல்லை. "தடை செய்" என்று நாம் கேட்டால் அப்படித்தான் நடக்கும். பெரியவரைப் பிடித்து அபராதம் போடுவார்கள்.


உப்புமாவிரோதி | திங்கள், இரவு 8.33

சரி, ஒரு முறை ஒழுங்காகப் பேசுகிறேன். வாசலில் நின்று கூப்பிடுவதே கேவலம் என்கிற மாதிரிப் பேச்சு போகிறது. நானும்தான் அதை ஆரம்பித்து வைத்தேன். ஆனால் ஒகேனக்கலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெண்கள் வந்து நிற்பார்கள். "மீனு வாங்கிக் குடுங்கண்ணா, கொழம்பு வெச்சு வறுத்துத் தரேன்." மீன் நாம் வாங்க வேண்டும், அடுப்பும் மசாலாவும் கைப்பக்குவமும் அவர்களுடையது. பரிசலில் போய்விட்டு வந்தால் இலை போட்டு வைத்திருப்பார்கள். நானும் பெண்டாட்டியும் சாப்பிட்ட அந்த மீன் குழம்பை இன்னும் பேசுகிறோம். கூப்பிட்ட அதே அம்மாதான் சமைத்தார், பரிமாறினார், குழம்பு போதுமா என்று கேட்டார், காசை எண்ணி முந்தானையில் முடிந்தார். அவரிடம் போய் "பாவம்" என்று சொன்னால் கரண்டியால் போடுவார்.

வேளாங்கண்ணி கடற்கரை மீன் கடைகளிலும் அப்படித்தான் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள்.

அதனால் நிற்பதோ கூப்பிடுவதோ பிரச்சினை இல்லை. மானாவாரி தங்கையின் அப்பா எத்தனை வண்டியைத் திருப்பினாலும் அந்தப் புளியங்கொட்டைக்கு மதிப்பு கிடையாது, பாருங்கள், எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.


மரப்பாச்சி | திங்கள், இரவு 9.20

விஜிபி பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு சிலை மனிதர் நிற்பாரே, கண்ணை இமைக்காமல், சிரிக்காமல். சின்ன வயதில் அவர் முன்னால் நின்று குரங்குச் சேட்டை எல்லாம் செய்திருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் அவர் ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கிறது. ஈசிஆரில் இப்போது பிரியாணிக் கடைகளுக்கு முன்னால் கரடி வேஷம் போட்டு ஆடுகிறார்கள். அந்தப் பஞ்சு உடுப்புக்குள் எவ்வளவு வேகும்? அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.45

இடையில் இரண்டு பதிவுகளில் ஓட்டல்களின் பெயர் சொல்லிப் புகார் இருந்தது, நீக்கியிருக்கிறேன். நேரில் பார்த்ததை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.


வழிப்போக்கன் | புதன், இரவு 10.15

இரண்டு நாளாக எழுதாததற்கு மன்னிக்கவும். நேற்று மதுரையிலிருந்து திரும்பினோம். அந்த ஓட்டல் எதிர்ப்பக்கம். கொஞ்ச தூரம் தாண்டிப் போய் யு-டர்ன் எடுத்து வந்தேன். பழையகல்லா சார், யு-டர்ன் எடுத்து வருகிற ஒருவனும் இருக்கிறான், குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பெரியவர். இறங்கியதும் மானாவாரி சொன்னபடி "இங்க என்னய்யா நல்லாருக்கும்?" என்று கேட்டேன். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொங்கல் தீந்துருக்கும், தோசை சொல்லுங்க" என்றார். தோசை நன்றாகவே இருந்தது.

பில் கொடுக்கும்போது கல்லாவில் சொன்னேன். வெளியே நிற்பவருக்கு ஒரு பெரிய குடையும் ஸ்டூலும் போடுங்கள், அடுத்த முறையும் வருவோம் என்று. சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் "முதலாளிகிட்ட சொல்றேன் சார்" என்றார்.

வண்டியை எடுக்கும்போது பெரியவர் பின்னால் நின்று லாரியை நிறுத்திக் கொடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "எதுக்கு சார் உள்ள சொன்னீங்க? நான்தான் சொல்லச் சொன்னேன்னு நெனைப்பாங்க" என்றார். கோபமாக இல்லை. பயந்துபோய்.

மகள் வழியெல்லாம் பேசவே இல்லை. மூன்று வருடம் சாப்பிடாமல் போனது ஒரு தப்பு என்றால், சாப்பிட்டுவிட்டு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்போ என்று இருக்கிறது.


மானாவாரி | வியாழன், காலை 7.05

அண்ணா, வருத்தப்படாதீர்கள். கேட்டதில் தப்பில்லை. கேட்ட விதம்தான் மாற வேண்டும். பெரியவரைப் பற்றிப் பேசினால் அது அவர் தலையில்தான் விடியும். அப்பாவுக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது.

கூகுளில் அந்த ஓட்டலுக்கு மதிப்புரை எழுதுங்கள். தோசை நன்றாக இருந்தது என்று முதலில் எழுதுங்கள். பிறகு, வண்டி உள்ளே திரும்புகிற இடம் ஆபத்தாக இருக்கிறது, வழி காட்டுபவருக்கு ஒதுங்க இடமே இல்லை, குழந்தைகளோடு வந்தோம், இடித்துவிடுவோமோ என்று பயமாகிவிட்டது என்று எழுதுங்கள். பாவம், வயசு, வெயில் எதுவும் வேண்டாம். முதலாளிகள் பாவத்துக்குப் பயப்பட மாட்டார்கள், விபத்துக்கும் போலீஸ் கேஸுக்கும் பயப்படுவார்கள். அப்பா நின்ற இடத்தில் குச்சி முறிந்த பிறகு நான் சண்டை போட்டதற்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கார்க்காரர் "உங்க வாசல்ல என் வண்டிக்கு அடி பட்டிருக்கும்" என்று கத்தியதும் கோட்டுக்கு உள்ளே ஆறடி தள்ளி ஒரு மேடை கட்டினார்கள், மேலே தகரம் போட்டார்கள். அப்பா அங்கே இல்லை, வேறொருவர் நிற்கிறார். பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.


பழையகல்லா | வியாழன், காலை 7.30

இந்தப் பெண் சொல்வது நூற்றுக்கு நூறு. கல்லாவில் இருந்தவன் சொல்கிறேன், இரண்டு நட்சத்திரம் குறைந்தால் அன்று இரவு தூக்கம் வராது.


பிரிவு420 | வியாழன், காலை 9.12

மூன்று நட்சத்திரம் கொடுங்கள். ஒன்று கொடுத்தால் எதிரிக் கடைக்காரன் எழுதியது என்று தள்ளிவிடுவார்கள்.


வழிப்போக்கன் | வியாழன், மாலை 6.40

எழுதிவிட்டேன். வாசகத்தைச் சொன்னது மகள், தட்டச்சு நான். மூன்று நட்சத்திரம்.


நாலுசக்கரம் | வியாழன், இரவு 9.55

சனிக்கிழமை திருச்சிக்கு ஒரு சவாரி இருக்கிறது. வழக்கமாக நிற்கிற இடத்தில் இலவசச் சாப்பாடு, இந்த முறை காசு கொடுத்தே சாப்பிட்டுப் பார்க்கிறேன். நானும் ஒன்று எழுதுகிறேன். தொழுதூருக்கு முன்னாலயா, பின்னாலயா?


வழிப்போக்கன் | வியாழன், இரவு 10.02

முன்னால. இடது பக்கம். பெயர்ப் பலகை சரியாகத் தெரியாது, பச்சைக் கொடியைப் பாருங்கள். தோசை சொல்லுங்கள்.